பேரீச்சஞ் சாலையில் ஒரு பெருங்கடல்

இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தை யாத்தபோது, அரங்கேற்று காதையில் யாழாசிரியன், குழலோன், தண்ணுமை முதல்வன் ஆகியோரின் இலக்கணங்களை வரையறுத்ததோடு அமைந்தாரில்லை. கானல்வரியில் கடற்கரைப் பாட்டையும், ஆய்ச்சியர் குரவையில் ஆயர்சேரிப் பாட்டையும், குன்றக் குரவையில் மலைவாழ் மக்களின் பாட்டையும், வாழ்த்துக் காதையில் மகளிர் பந்தாடும்போதும் ஊசலாடும்போதும் நெல் குற்றும்போதும் பாடும் பாட்டுகளையும் தம் காப்பியத்துள் ஏற்றி வைத்தார். மாணிக்கவாசகரும் அம்மானையையும் பொற்சுண்ணத்தையும் பொன்னூசலையும் இறைவன்பால் திருப்பிவிட்டார். இப்பாட்டுகளை முதன்முதலில் பாடிய வாய்கள் எவை, அவற்றை எடுத்தாள்வதற்கு யாரிடம் இசைவு பெறப்பட்டது என்றெல்லாம் நாம் கேட்பதில்லை. கேட்டால் விடை கிடையாது. புலவன் கை பட்டதால் அவை பிழைத்தன என்ற அளவில் நிறைவு கொள்கிறோம்.

அந்தப் பழைய வினா நாம் குடியேறி வாழும் இத்தலைநகரில், நம் கண்ணெதிரிலேயே, வேறொரு கோலத்தில் எழுந்துள்ளது. ‘இந்தியன் ஓஷன்’, அதாவது இந்துமாக்கடல் என்னும் பெயருடைய இசைக்குழு 1990-இல் தில்லியில் அமைந்தது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பாடிவரும் அக்குழுவின் அண்மை இசைத்தொகுப்பு 2023-இல் வெளிவந்தது. நம் இல்லத்துப் பிள்ளைகள் இக்குழுவை நன்கறிவார்கள். பெரியவர்களோ கிதாரையும் டிரம்ஸையும் கண்ட மாத்திரத்தில் இரைச்சல் என்று முடிவு கட்டி, அறையின் கதவைச் சாத்தச் சொல்வார்கள். அவர்களுக்கும் சேர்த்தே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

நாட்டார் பாட்டை மின்கிதாரின் துணையோடு பாடும் முறைக்கு மேனாட்டார் ‘ஃபோக் ராக்’ என்று பெயரிட்டனர். 1960-களின் நடுவில் அமெரிக்காவில் அது தோன்றிப் பின்னர் இங்கிலாந்திலும் வேரூன்றியது. நம் நாட்டில் அதற்கு முதல் வித்திட்ட பெருமை கல்கத்தாவுக்கு உரியது. 1975-இல் கௌதம் சட்டோபாத்தியாயரும் அவர்தம் நண்பர்களும் ‘மொஹீனேர் கோராகுலி’ என்ற குழுவைத் தொடங்கி, பாவுல் நாடோடிகளின் இசையையும் மேலை இசையையும் கலந்து சில இசைத்தட்டுகளை வெளியிட்டனர். வங்கம் அன்று அதனை ஏற்கவில்லை. சில ஆண்டுகளிலேயே குழு கலைந்தது. 1990-களின் நடுவில்தான் அடுத்த தலைமுறை அதைத் தோண்டியெடுத்துக் கொண்டாடியது. திரைப்பாட்டின் பெருநிழலில் தனிச்செடி வளர்வது எத்துணை அரிது என்பதற்கு இது தக்க சான்று. பாட்டு என்றாலே சினிமா என்று ஆகிவிட்ட நாட்டில், திரைப்படத்தை நம்பாமல் ஒரு குழு நீடித்து நிற்கத் தில்லியைப் போன்ற, திரைத்தொழில் இல்லாத ஊர் ஒருவகையில் உதவியிருக்கலாம் என்பது என் கருத்து. விலைபேச வருபவர் இல்லாத இடத்தில் விலைபோகாமல் இருப்பது எளிது.

தில்லிக் குழுவின் கதை 1984-இல் தொடங்குகிறது. கிதார் கலைஞர் சுஸ்மித் சென், தபலா வாசித்துக்கொண்டே பாடும் ஆற்றல் பெற்ற அஸீம் சக்ரவர்த்தி ஆகிய இருவரும் அவ்வாண்டில்தான் சந்தித்தனர். ஆறாண்டுகள் கழித்துக் குழு பெயர் பெற்றது. 1991-இல் ராகுல் ராம் மந்தரக் கிதாருடன் வந்து சேர்ந்தார். 1993-இல் ஹெச்.எம்.வி. நிறுவனம் முதல் ஒலிநாடாவை வெளியிட்டது. 1994-இல் டிரம்ஸ் வாசிக்கும் அமித் கீலம் சேர்ந்ததும் நால்வர் அணி நிறைவுற்றது.

ராகுல் ராமைப் பற்றிச் சற்று விரித்துரைத்தல் தகும். இவர் தந்தையார் எச். ஒய். மோகன்ராம் தில்லிப் பல்கலைக்கழகத்தில் பெயர்பெற்ற தாவரவியல் பேராசிரியர். பெரியப்பா எச். ஒய். சாரதா பிரசாத் இந்திரா காந்தி அம்மையாரின் செய்தி ஆலோசகர். பாட்டனார் யோகநரசிம்மம் மைசூர் நாட்டில் கருநாடக இசைக் கீர்த்தனைகள் இயற்றியவர். ஆக, வடக்கே வந்து வேரூன்றிய தென்னாட்டுக் குடும்பத்துப் பிள்ளை இவர். கான்பூர் ஐ.ஐ.டி.யில் வேதியியல் பயின்று, அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் நச்சியலில் முனைவர் பட்டம் பெற்றவர். நம் குடும்பங்களில் இப்படியொரு பட்டத்தோடு திரும்பிய பிள்ளை கிதாரைத் தூக்கிக்கொண்டு நருமதைக் கரைக்குப் புறப்பட்டிருந்தால் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்பதை வாசகர்களின் கற்பனைக்கே விடுகிறேன்.

1989 சனவரி முதல் நாள் சாகிபாபாத்தை அடுத்த ஜண்டாபூரில் தொழிலாளரிடையே தெருக்கூத்து நடத்திக்கொண்டிருந்த சப்தர் ஹாஷ்மி தாக்கப்பட்டு மறுநாள் உயிர்நீத்தார். அவர் நினைவாகத் தோன்றிய ‘சஹ்மத்’ அமைப்பு ஆண்டுதோறும் புத்தாண்டு நாளில் தில்லியில் கலைவிழா எடுக்கும். 1997 சனவரி முதல் நாள் மண்டி ஹவுஸ் பகுதியில் நடந்த அவ்விழாவில் இந்தியன் ஓஷன் பாடியதை அப்படியே பதிவு செய்து ‘டெசர்ட் ரெயின்’ என்ற பெயரில் வெளியிட்டனர். பாலைவன மழை என்று பொருள். பதிவுக்கூடத்தில் பலமுறை திருத்திச் செப்பனிட்ட பாட்டன்று அது. தில்லி மார்கழிக் குளிரில், மக்கள் முன்னிலையில், ஒரே முறை பாடியது. இக்குழுவின் வலிமை மேடைதான் என்பது அன்றே உறுதியாயிற்று. ஏழெட்டு நிமிடம் நீளும் பாட்டை, மெல்லத் தொடங்கி, தபலாவும் டிரம்ஸும் ஒன்றையொன்று வினவி விடையிறுத்துப் பெருகிவர, மக்கள் எழுந்து நிற்கும் வரை கொண்டுசெல்வது அவர்கள் வழக்கம். நம் கச்சேரிகளில் தனியாவர்த்தனம் தொடங்கியதும் சிற்றுண்டிச் சாலையை நோக்கி நகர்வோரை நினைத்தால் பொறாமையாகத்தான் இருக்கிறது.

குழுவின் புகழை நிலைநாட்டியது 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கந்தீசா’ என்னும் தொகுப்பு. என் கட்டுரையின் மையமும் அதுவே. அதிலுள்ள பாட்டுகளுள் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். மூன்றும் மூன்று வெவ்வேறு மக்களிடமிருந்து வந்தவை.

முதலாவது ‘மா ரேவா’. ரேவா என்பது நருமதையின் மறுபெயர். 1990-களின் முற்பகுதியில் சர்தார் சரோவர் அணையை எதிர்த்து நடந்த நருமதைப் பாதுகாப்பு இயக்கத்தில் ராகுல் ராம் பங்குகொண்டு அப்பள்ளத்தாக்கில் வாழ்ந்தார். ஆற்றைத் தாயாகப் போற்றும் அப்பாட்டு அங்குள்ள மக்களிடமிருந்து அவர் பெற்று வந்தது. 1961-இல் நேரு அடிக்கல் நாட்டிய அணை அது. உலக வங்கிக் கடன் 1993-இல் விலகிற்று. வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. கந்தீசா வெளிவந்த அதே 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் கட்டுமானத்தைத் தொடரலாம் என்று தீர்ப்பாயிற்று. 2017 செப்டம்பரில் 138.68 மீட்டர் உயரத்தோடு அணை நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. குஜராத்தின் வறண்ட நிலங்களுக்கு நீர் கிடைத்ததையும் மறுப்பதற்கில்லை. அந்நீருக்காகப் பள்ளத்தாக்கின் ஊர்கள் மூழ்கியதையும் மறுப்பதற்கில்லை. அரசுக் கோப்புகளில் ‘திட்டத்தால் பாதிக்கப்பட்டோர்’ என்ற ஒரு தொடரில் அவர்களை அடக்கிவிடுகிறோம். கோப்பெழுதும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், அத்தொடரின் வசதியை நான் நன்கறிவேன். அதில் ஊர்ப்பெயர் இராது; கோயில் இராது; பாட்டு இராது. இன்று தலைநகரிலும் பம்பாயிலும் அப்பாட்டுக்குத் தலையசைக்கும் இளைஞர்களுள் எத்தனை பேருக்கு அது நீருள் போன ஊர்களைச் சுற்றியிருந்த பாட்டு என்று தெரியும்?

இரண்டாவது, தொகுப்புக்கே பெயர் தந்த ‘கந்தீசா’. கேரளத்துச் சிரியன் கிறித்தவர்களின் வழிபாட்டில் வரும் தொன்மையான துதி இது. ‘தூயவரே, இறைவனே’ என்று போற்றுவது. மொழி அரமேயத்தின் கிளையாகிய சிரியம். இயேசுபிரான் பேசியதாகக் கருதப்படும் மொழியின் குடும்பத்தைச் சேர்ந்தது. மேற்கு ஆசியாவிலிருந்து கடல்வழியே மலையாளக் கரை சேர்ந்து, பல நூற்றாண்டுகள் அங்குள்ள கோயில்களில் ஒலித்த மொழி. 1962-இல் சீரோ மலபார் சபை தன் வழிபாட்டை மலையாளத்துக்கு மாற்றிக்கொண்டது. மக்களுக்குப் புரியும் மொழியில் வழிபாடு வேண்டும் என்பது முற்றிலும் நியாயமே. தமிழில் அருச்சனை வேண்டும் என்று கேட்டவர்கள் நாம், அதை மறுத்துப் பேச இயலாது. ஆனால் அந்த மாற்றத்துக்குப் பின் பழைய சிரியப் பாட்டுகள் முதியோர் நினைவில் மட்டுமே ஒதுங்கத் தொடங்கின. இந்நிலையில், வங்காளியும் கன்னடியரும் காசுமீரியும் அடங்கிய தில்லிக் குழு ஒன்று, பொருள் அறியாத பல்லாயிரம் பேர் முன்னிலையில் அதைப் பாடுகிறது; அவர்களும் சேர்ந்து பாடுகிறார்கள்.

இது முறையா என்று கேட்பவர்கள் உண்டு. வழிபாட்டுப் பாட்டைக் கேளிக்கை மேடைக்கு இழுத்தார்கள் என்பது ஒரு சாரார் வாதம். பொருள் தெரியாமல் பாடுவது கிளிப்பேச்சு என்பது மற்றொன்று. இரண்டாவது வாதத்தைக் கேட்கும்போது எனக்கு நம் வீட்டுப் பிள்ளைகள் நினைவுக்கு வருகிறார்கள். தேவாரத்தையும் திருப்பாவையையும் நாகரி எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு மார்கழி காலையில் பாடும் குழந்தைகள் இந்நகரில் எத்தனை பேர்! ழகரம் லகரமாகிறது, றகரம் ரகரமாகிறது, பொருள் கேட்டால் விழிக்கிறார்கள். அது கண்டு வருந்தும் பெரியவர்களுள் நானும் ஒருவன். எனினும் அக்குழந்தையைப் பாடாதே என்று நாம் தடுப்பதில்லை. நாவில் ஓசை நின்றால் என்றேனும் பொருளைத் தேடிப் போவாள் என்று நம்புகிறோம். கேரளத்தார் தம் பழம்பாட்டைப் பற்றி அந்த நம்பிக்கையைக் கொள்ளக்கூடாதா? கேளிக்கை என்ற வாதத்தைப் பொறுத்தவரை, பாட்டைக் கேட்டவர்களே தீர்ப்புக் கூறட்டும். அஸீமின் குரலும் ராகுல் ராமின் குரலும் இணைந்து மெதுவாக எழும் அந்தத் தொடக்கத்தில் கேளிக்கையின் சாயல் சிறிதும் எனக்குத் தென்படவில்லை.

மூன்றாவதாகிய ‘ஹில்லே லே’ போச்புரியில் பாடிய புரட்சிக் கவிஞர் கோரக் பாண்டேயின் பாட்டு. தில்லியில் 1989-இல் மறைந்த அவருடைய பாட்டுகள் பீகார் உழவர் கூட்டங்களில் வாழ்ந்தவை. இங்கே ஆசிரியர் பெயர் தெரியும். ஆகவே நாட்டார் பாட்டு என்று சொல்லி அவர் பெயரை மறைத்துவிடுதல் தவறு. பாட்டு பரவப் பரவப் பாடியவன் பெயர் உதிர்ந்து போவது நம் நாட்டில் பழகிப்போன அநீதி.

2003-இல் வந்த ‘ஜீனீ’ காசி நெசவாளர் கபீரின் பாட்டைத் தலைப்பாக்கிக்கொண்டது. திரையுலகமும் வாசலுக்கு வந்தது. 1993 பம்பாய்க் குண்டுவெடிப்புகளைப் பற்றி அனுராக் காஷ்யப் இயக்கிய ‘பிளாக் ஃபிரைடே’ படத்துக்கு இவர்கள் இசையமைத்தனர். நீதிமன்றத் தடையால் படம் 2007 வரை திரைக்கு வரவில்லை. பியூஷ் மிஸ்ரா எழுதிய ‘பந்தே’ என்னும் பாட்டோ படத்துக்கு முன்பே ஊரெல்லாம் பரவிவிட்டது. 2015-இல் ‘மசான்’ படத்துக்கு இசையமைத்ததையும் இங்கேயே குறித்துவிடுகிறேன். திரைப்படத்துக்குப் போனார்கள் என்றாலும் தங்கள் ஓசையைக் கொண்டுபோனார்கள்.

அந்த ஓசையின் அமைப்பை இரண்டு சொற்களில் கூறுவதானால், அடியில் நிலைத்த ஒரு சுருதி, அதன்மேல் இராகச் சாயல். சுஸ்மித் சென்னின் கிதாரில் சில வேளை சரோத் கேட்கும், சில வேளை பாலைவனத்து இராவணஹத்தா கேட்கும். அமித் கீலம் டிரம்ஸை விட்டிறங்கி ‘கப்குபி’ என்னும் பாவுல் கருவியை எடுப்பார். குடம் போன்ற உடலின் ஒருபுறம் தோல். தோலிலிருந்து கிளம்பும் நரம்பின் மறுமுனை சிறு பித்தளைக் கிண்ணத்தில். உடலை அக்குளில் இடுக்கி, கிண்ணத்தை ஒரு கையால் இழுத்தும் தளர்த்தியும், மறுகையால் மீட்டினால் அது பேசும், கெஞ்சும், குறும்பு செய்யும். வங்கத்து இரவலன் வாசித்த கருவி மின்கிதாரோடு சரியாசனம் பெற்றது இக்குழுவின் மேடையில்.

இனி, இக்குழு வளர்ந்த வீட்டைப் பற்றி. கரோல்பாக், 16/330, கஜூர் ரோடு. கஜூர் என்றால் பேரீச்சை. அங்கிருந்த பழைய வீடொன்றில்தான் ஆண்டுக்கணக்கில் பயிற்சி நடந்தது. கரோல்பாக் என்ற பெயரைக் கேட்டால் தில்லித் தமிழரின் முகம் மலரும். தலைமைச் செயலகத்தில் எழுத்தராகவும் சுருக்கெழுத்தராகவும் பணியேற்க வண்டியேறி வந்த முன்னோர் பலர் முதலில் அறை எடுத்தது அங்கேதான். பிள்ளைகளைச் சேர்க்க அருகிலேயே பூசா ரோடில் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளி. ஆனால் கரோல்பாக்கின் வரலாறு நம்மோடு தொடங்கவில்லை. புதுதில்லியைக் கட்டுவதற்காக மாதோகஞ்ச், ஜெய்சிங்புரா போன்ற சிற்றூர்களைக் காலி செய்தபோது அம்மக்கள் ஒதுக்கப்பட்ட இடம் அது. 1947-இல் அங்கிருந்த முஸ்லிம்களுள் மிகப் பலர் வெளியேறினர். மேற்குப் பஞ்சாபிலிருந்து எல்லாம் இழந்து வந்தோர் குடியேறினர். அவர்களோடு வங்காளியரும் தென்னாட்டாரும். ஊரைவிட்டு வந்தவர்களே கூடி அமைத்த பேட்டை. அப்படிப்பட்ட தெருவில், இடம்பெயர்ந்த பாட்டுகளைப் பாடும் குழு இருபதாம் நூற்றாண்டின் முடிவில் குடிகொண்டது தற்செயல்தான். ஆயினும் அந்தத் தற்செயல் எனக்குப் பிடித்திருக்கிறது.

2009 டிசம்பர் 25 அன்று அஸீம் சக்ரவர்த்தி மாரடைப்பின் விளைவாகக் காலமானார். ஒருவர் குரலையும் கையையும் நம்பியிருந்த குழு அத்துடன் முடிந்தது என்றே பலரும் எண்ணினர். அவருடைய குரலோடு முன்பே பதிவாகியிருந்த ஏழு பாட்டுகள் எஞ்சியிருந்தன. அவற்றை எந்த நிறுவனத்துக்கும் விற்காமல், 2010-இல் மாதம் ஒன்றாகத் தங்கள் இணையத்தளத்தின் வாயிலாக இலவசமாகவே வழங்கினர். தொகுப்புக்கு வீட்டு முகவரியையே பெயராக வைத்தனர்: ‘16/330 கஜூர் ரோடு’. மறைந்தவரின் குரலை விலைக்கு விற்காமல் ஊருக்குப் பகிர்ந்தளித்த இச்செயலைப் பொருளாதாரம் கற்றவர் எப்படி மதிப்பிடுவார்களோ, நான் அறியேன். நம் வீடுகளில் பதின்மூன்றாம் நாள் ஊரழைத்து உணவிடுவதற்கு இது நெருங்கியது என்று எனக்குத் தோன்றிற்று.

2013-இல் நிறுவனருள் மற்றவராகிய சுஸ்மித் சென்னும் விலகினார். தொடங்கிய இருவரும் இல்லாத குழு அதே பெயரைத் தாங்கலாமா என்ற கேள்வி எழுந்தது. தஞ்சைப் பாணி நாகசுரக் குழுக்களில் ஆள் மாறியும் பாணி நிலைத்ததைக் கண்ட நமக்கு இக்கேள்வி புதிதன்று. கிதாருக்கு நிகில் ராவ் வந்தார். 2014-இல் ‘தந்தானு’ வெளிவந்தது. ஏழு பாட்டு, பாட்டுக்கொரு விருந்தினர். அவர்களுள் கடம் விக்கு விநாயகராமின் மைந்தர் கஞ்சிரா செல்வகணேஷ், வயலின் இரட்டையருள் ஒருவராகிய குமரேஷ், பம்பாயில் வளர்ந்த பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துச் சங்கர் மகாதேவன் ஆகியோர் இடம்பெற்றமை நமக்கு மகிழ்ச்சி தருவது. உள்ளதைச் சொல்வதானால், விருந்தினர் மிகுந்த வீட்டில் வீட்டாரைக் காண்பது அரிதாவதுபோல, அத்தொகுப்பில் குழுவின் சொந்தக் குரல் சற்றே பின்வாங்கியது. செல்வகணேஷின் விரல்களைக் கேட்பதற்காகவே அதை மன்னிக்கலாம்.

ஒன்பதாண்டு இடைவெளிக்குப் பின் 2023-இல் ‘தூ ஹை’ வந்தது. ‘நீ இருக்கிறாய்’ என்று பெயர்த்தால் ஓரளவு பொருந்தும். அந்த ‘நீ’ கடவுளா, காதலியா, இவ்வுலகமா என்பதைக் கேட்பவர் தம் மனநிலைக்கேற்பக் கொள்ளலாம். நம் பத்திப் பாட்டுகளும் பலவிடத்தும் அவ்வாறே. நிகில் ராவின் கிதார் சுஸ்மித்தினுடையது போல் சரோத்தை நினைவூட்டுவதில்லை. அதற்கு மேலை நாட்டு நடை அதிகம். முதல்முறை கேட்டபோது பழைய ஓசைக்கு ஏங்கினேன். மீண்டும் மீண்டும் கேட்கையில், அவர் முன்னவரைப் போலச் செய்ய முயலாததே நேர்மை என்று பட்டது. ‘ஜாதூ மாயா’ என்ற பாட்டை வீட்டுப் பெரியவர்களுக்கு முதலில் போட்டுக் காட்டலாம். கதவைச் சாத்தச் சொல்லமாட்டார்கள்.

இப்போது குழுவில் ஐவர். ராகுல் ராம், அமித் கீலம், நிகில் ராவ் ஆகியோருடன் இந்துஸ்தானி இசை பயின்ற ஹிமான்ஷு ஜோஷி பாடுகிறார். துஹீன் சக்ரவர்த்தி தபலா வாசிக்கிறார். அஸீம் தனியொருவராக அமர்ந்து செய்துவந்ததை இன்று இருவர் பகிர்ந்து செய்கிறார்கள். புதிய பாட்டுகளைக் கேட்டு முடித்த கூட்டம் ‘கந்தீசா, கந்தீசா’ என்று குரல் கொடுக்கும்போது, துஹீன் தபலாவின் சுருதியைச் சுத்தியலால் ஒருமுறை தட்டிச் சரிபார்த்துக்கொள்கிறார், ஹிமான்ஷு தொடங்குகிறார்.